வயிறு நிறைந்திருக்கும்போதே யோசி

அன்பு ராசா ரங்கனுக்கு,

லால்குடியிலிருந்து அத்தை எழுதிக்கொள்வது. மாமாவுக்கு முழங்கால் வலி இப்போது கொஞ்சம் தேவலை. கொல்லையில் முருங்கை மறுபடியும் துளிர்த்திருக்கிறது.

போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அந்த "சரி"க்கு என்ன மதிப்பு என்று உன்னைத் தொட்டிலில் போட்ட காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். படித்துவிட்டு அடுப்படியில் பருப்பு டப்பாவுக்கு அடியில் மடித்து வை. உன் ஸ்ரீரங்கத்து வீட்டில் பருப்பு டப்பா என்று ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம்தான், போகட்டும்.

உன் கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை உன் அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். வெறும் வயிற்றில் சர்க்கரை 114. "பார்டர்தான் அம்மா, ஒண்ணும் இல்லை" என்று நீ அவளைச் சமாதானப்படுத்தினாயாம். ஒன்றும் இல்லாமல் இல்லை, ராசா. உன் தாத்தாவுக்குச் சர்க்கரை வந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. உன் அப்பாவுக்கு நாற்பத்திரண்டு. உனக்கு இப்போது இருபத்தேழு. நம் குடும்பத்தில் அது ஒவ்வொரு தலைமுறையிலும் முந்திக்கொண்டு வருகிறது. நம் குடும்பத்தில் மட்டும் என்றும் சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், அதைவிட அதிகமாக 13 கோடியே 60 லட்சம் பேர் உன்னைப் போல எல்லையில் நிற்கிறவர்கள் என்று அதில் கணக்குச் சொன்னார்கள்.

உன்னைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. எல்லையில் நிற்கிறவன் திரும்பி வர முடியும் என்பதும் நம் ஊரிலேயே நிரூபித்த விஷயம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் உன் மாதிரி நிலையில் இருந்த ஐநூறு பேருக்கு மேற்பட்டவர்களை மூன்று வருஷம் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோயாக முற்றும் அபாயம் நூற்றுக்கு 28 பங்கு குறைந்திருந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். மாத்திரை செய்கிற வேலையைச் சோற்றுத் தட்டும் செய்யும் என்றால் அந்த வாய்ப்பை விட்டுவிடலாமா? மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்க்கிற பரிசோதனை ஒன்று உண்டே, அதையும் தையில் எடுத்துவிடு. டாக்டர் சொல்கிறதை முழுசாகக் கேள்; நடுவில் போனைப் பார்க்காதே.

உன் நாள் எப்படிப் போகிறது என்று உன் அம்மா சொல்லக் கேட்டு வைத்திருக்கிறேன். ராத்திரி வேலை முடிந்து வந்து படுப்பதால் காலையில் எழுந்திருக்கவே ஒன்பதரை ஆகிறது. எழுந்ததும் டீ, நாலு பிஸ்கட். பன்னிரண்டு மணிக்கு மெஸ்ஸிலிருந்து ஒரு பொட்டலம் சோறு. சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறி நவல்பட்டு ஐ.டி. பூங்காவுக்குப் போய்ச் சேர இரண்டு மணி. ஐந்து மணிக்கு டீயும் பஜ்ஜியும். எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டிய நேரத்தில் அமெரிக்காக்காரன் கூப்பிடுகிறான், சாப்பாடு தள்ளிப்போகிறது. பதினொன்றரைக்குக் கம்பெனி வண்டி திருவானைக்காவல் பக்கம் இறக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் திறந்திருப்பது பரோட்டாக் கடை ஒன்றுதான். நாலு பரோட்டா, மேலே சால்னா, ஒரு ஆம்லெட். அப்படியே போய்ப் படுக்கை.

உனக்கு நாக்கு நீளம் என்று உன் அப்பா திட்டுகிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினொன்றரை மணிக்கு, ஆறு மணி நேரம் காய்ந்த வயிற்றோடு, கல்லில் பரோட்டா கொத்துகிற சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எந்தப் பிள்ளையும் "எனக்கு வெண்டைக்காய்ப் பொரியல் போதும்" என்று சொல்ல மாட்டான். அந்த நேரத்தில் முடிவெடுப்பது நீ இல்லை, உன் பசி. நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வருவது இது ஒன்றுதான்: என்ன சாப்பிடுவது என்பதை வயிறு நிறைந்திருக்கும்போதே முடிவு செய்து வைத்துவிடு. பசி வந்தபிறகு முடிவு செய்ய ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது.

இதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் தெரியுமா? 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். அந்தத் திட்டத்தில் அமைப்பாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுதான் எனக்கு உலகம். சமையல் பெரிய காரியம் இல்லை, ரங்கா. கணக்குதான் பெரிய காரியம். நாளைக்கு எத்தனை பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்றால் எத்தனை கிலோ, பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று இன்றைக்கு மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிற நேரத்திலேயே எழுதிவிட வேண்டும். கொண்டைக்கடலை போடுகிற நாளுக்கு முந்தைய சாயங்காலம், பள்ளிக்கூடத்தைப் பூட்டுவதற்கு முன்னால், அண்டாவில் கடலையைக் கொட்டி, அது மூழ்கி மேலே நாலு விரல் நிற்கிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே தட்டைப் போட்டு, அதன் மேல் ஒரு செங்கல்லையும் வைத்துவிட்டு வருவேன். அதை மறந்தால் மறுநாள் எத்தனை விறகு எரித்தாலும் கடலை வேகாது. பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள். அவர்களிடம் போய் "இன்றைக்கு வேலை அதிகம், யோசிக்க நேரமில்லை" என்று சொல்ல முடியுமா?

1989-இல் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010-இல் வாரத்துக்கு ஐந்து முட்டை வரைக்கும் வந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அந்தப் பிள்ளை யார், எத்தனை பேர் என்பதும் முன்கூட்டியே நோட்டில் இருக்கும். அரசாங்கம் ஏழைப் பிள்ளைகளுக்காக இவ்வளவு முன்யோசனை பண்ணியிருக்கிறது. மாதம் சுளையாகச் சம்பளம் வாங்குகிற நீ, ஒரே ஒரு வயிற்றுக்காகப் பண்ண முடியாதா?

சரி, எப்படிப் பண்ணுவது என்பதற்கு வருகிறேன்.

உனக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஒரு மணி நேரம் எனக்குக் கொடு. தென்னூர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடு. விலைப் பலகை வாசலிலேயே இருக்கும், பேரம் பேசத் தெரியாத உன்னையும் யாரும் ஏமாற்ற மாட்டார்கள். இல்லையென்றால் பொன்மலை ஞாயிற்றுச் சந்தை இருக்கிறது. உன் தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்த காலத்தில் வாரத்துக்கு வேண்டிய காய் முழுக்க அங்கேதான். நாள்பட நிற்கிற காய் எது, உடனே வாடுகிறது எது என்று பிரித்து வாங்கு. கீரையும் வெள்ளரியும் முதல் இரண்டு நாளுக்கு. அவரை, கோவைக்காய், வெண்டை நடு வாரத்துக்கு. சுரைக்காய், பூசணி, கேரட், முட்டைக்கோஸ் வாரக் கடைசிக்கு. கீரையை வாங்கி வந்தபடியே பாலித்தீன் பையில் திணித்துப் பிரிட்ஜில் தள்ளாதே, அழுகிவிடும். வேரை நறுக்கி, ஆய்ந்து, கழுவாமல், பழைய பருத்தித் துணியில் சுற்றி வை. சமைக்கும்போது கழுவிக்கொள். முளைக்கீரைக்கும் அரைக்கீரைக்கும் வித்தியாசம் தெரியாமல் போன தடவை கொத்தமல்லியை வாங்கி வந்து "கீரைதானே அத்தை" என்று நின்றாயே, அப்படி நிற்காதே. கடைக்காரம்மாவைக் கேள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும்.

வாழைத்தண்டும் வாழைப்பூவும் நம் காவிரிக்கரையில் மலிவு. ஆனால் நேரம் பிடிக்கிற வேலை என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஞாயிறு சாயங்காலம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே செய்யலாமே. பூவின் மடலைப் பிரித்து, ஒவ்வொரு பூவிலும் நடுவே தீக்குச்சி போல நீண்டு நிற்கிற கள்ளனையும் அடியில் இருக்கிற கண்ணாடிச் செதிலையும் கிள்ளி எறிந்துவிடு. கைக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் கறை ஒட்டாது. பொடிப்பொடியாக நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. பிரிட்ஜில் வைத்து மறுநாள் பாசிப்பருப்புப் போட்டு வதக்கினால் இரண்டு வேளைக்குப் பொரியல் ஆயிற்று.

பயறு வகை ஏதாவது ஒன்று எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கட்டும். பச்சைப்பயறு, கொள்ளு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, எதுவானாலும் சரி. நீ ராத்திரி வந்து கை கால் கழுவுகிற நேரத்தில் ஒரு கைப்பிடி பயறைத் தண்ணீரில் போட ஒரு நிமிஷம் ஆகுமா? காலையில் குக்கரில் வேகவைத்து, கடுகு தாளித்து, டப்பாவில் போட்டால் ஐந்து மணிப் பஜ்ஜிக்கு அதுதான் பதில். அந்தப் பஜ்ஜிச் சட்டியை ஒரு நாள் எட்டிப் பார்த்திருக்கிறாயா? காய்ந்து காய்ந்து கறுத்துப்போன எண்ணெயை ஒரு அளவுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை 2018 ஜூலையிலிருந்து சட்டமே வைத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது; ஒவ்வொரு சட்டிக்கும் பக்கத்தில் அதிகாரி நிற்க முடியாது. உன் கண்ணும் மூக்கும்தான் நிற்க வேண்டும்.

இப்போது எட்டு மணிச் சாப்பாடு. இதுதான் உன் நாளில் முக்கியமான இடம். இதைச் சரிசெய்துவிட்டால் பதினொன்றரை மணிப் பரோட்டாவுக்கு வேலையே இல்லை. பகலில் வீட்டிலிருந்து கொண்டுபோகிற டப்பாவை ஏழு மணி நேரம் பைக்குள் வைத்திருந்தால் திருச்சி வெயிலில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சமைத்த சோறு வெளிச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமி பெருகும், மறுபடி சூடு பண்ணினாலும் சில விஷங்கள் போகாது. ஆபீஸ் போனதும் டப்பாவைப் பிரிட்ஜில் வை. அந்தப் பிரிட்ஜில் பிறந்தநாள் கேக்கும் கலர்த் தண்ணீரும் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லையே. எட்டு மணிக்கு எடுத்து ஆவி பறக்கச் சூடு பண்ணிக்கொள். தேங்காய் அரைத்த கூட்டு, சட்னி வகைகளை டப்பாவுக்கு எடுக்காதே, சீக்கிரம் ஊசிப்போகும். சப்பாத்தி, பயறு, பொரியல், அவித்த முட்டை என்று வை. அமெரிக்காக்காரனிடம் எட்டிலிருந்து எட்டரை வரை வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடு. அவனும் ஏதோ ஒரு வேளை சாப்பிடுகிறவன்தான்.

டப்பாவில் பாதி இடம் காய்க்கு. இது என் கணக்கு இல்லை. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் போட்ட வழிகாட்டியில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டில் பாதி காயும் பழமுமாக இருக்க வேண்டும் என்று படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். நம் வீட்டில் தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் காய் ஒரு கரண்டி. அதைத் திருப்பிப் போடு என்றுதான் சொல்கிறார்கள். சோற்றை விடச் சொல்லவில்லை. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனிடம் சோற்றை விடு என்று நானும் சொல்ல மாட்டேன்.

கட்டுச்சோறு கட்டுகிற வித்தை நம் ஊருக்குப் புதிதும் இல்லை. ஆடிப்பெருக்கு அன்றைக்கு அம்மா மண்டபத்துப் படித்துறையில் நம் வீட்டுப் பெண்கள் கூடையோடு வந்து உட்காருவது உனக்கு நினைவிருக்கும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு. ஏன் அந்த மூன்றும்? புளிப்பு இருக்கிற இடத்தில் சோறு சீக்கிரம் கெடாது. தயிர்ச்சோற்றை உன் பாட்டி பிசைகிற விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சோற்றைக் குழைய வடித்து, சூடு இருக்கும்போதே கரண்டியின் பின்புறத்தால் மசிப்பார்கள். காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி. பார்த்தால் பால்சோறு மாதிரி தளரத் தளர இருக்கும். மத்தியானம் திறக்கும்போது அது தானே உறைந்து, புளிக்காத தயிர்ச்சோறாக இருக்கும். காலையில் செய்கிறபோதே மத்தியானத்தில் அது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீயும் அப்படியே செய். சோறு ஒரு பங்கு என்றால் கேரட், வெள்ளரி, மாதுளை ஒரு பங்கு. வெள்ளரியைத் தனி டப்பாவில் எடுத்துப் போய்ச் சாப்பிடும்போது கலந்துகொள், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும்.

எல்லா நாளும் டப்பா கட்ட முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். கரண்ட் போகும், காவிரிப் பாலத்தில் வண்டி மணிக்கணக்கில் நிற்கும், உனக்கே சோம்பலாக இருக்கும். அந்த நாளுக்கும் முன்னாலேயே ஒரு வழி பண்ணி வை. உன் பாதையில் எந்தக் கடையில் என்ன வாங்குவது என்று இப்போதே தீர்மானம் பண்ணிவிடு. காலையில் சாலையோரக் கூழ் வண்டியில் கம்பங்கூழ், கேப்பைக்கூழ் கிடைக்கும். மோர்மிளகாயைக் கொஞ்சமாக வைத்துக்கொள், உப்பு அதிகம். அம்மா உணவகத்தில் காலையில் இட்லி ஒரு ரூபாய், பகலில் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். அங்கே போய்ச் சாப்பிடுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை, நான் சத்திரத்துக்கு வரும்போது சாப்பிட்டிருக்கிறேன். ஓட்டலுக்குப் போனால் இட்லி இரண்டு, சாம்பார் இரண்டு கிண்ணம், ஒரு பொரியல் தனியாகக் கேள். கேட்டால் கொடுப்பார்கள், நம் ஆட்களுக்குத்தான் கேட்க வெட்கம். பையில் எப்போதும் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலையும் ஒரு கொய்யாவும் இருக்கட்டும்.

வாழைப்பழம் சாப்பிடலாமா என்று கேட்பாய். வாழைக்கென்று தேசிய ஆராய்ச்சி மையமே 1993-இல் நம் திருச்சியில் வைத்தார்கள், அப்படிப்பட்ட ஊர்க்காரன் நீ. பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, ஏலக்கி என்று தெருவுக்குத் தெரு தொங்குகிறது. சின்னப் பழம் ஒன்று, கடலையோடு சேர்த்துச் சாப்பிடு. மூன்று பழத்தைச் சீனி போட்டு அடித்து, மேலே ஐஸ்கிரீம் வைத்துக் கொடுப்பதை மட்டும் பழம் என்று கணக்கில் எழுதாதே.

டீயைப் பற்றிச் சொல்லவில்லை என்றால் இந்தக் கடிதம் முடியாது. ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறாய். கடைக்காரர் டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி போடுகிறார், ஸ்பூனுக்கு நாலைந்து கிராம். கூட்டிப் பார், நாற்பது ஐம்பது கிராம் டீயிலேயே போய்விடுகிறது. நாள் முழுக்கச் சேர்த்தே இருபத்தைந்து கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் சீனியை நிறுத்தினால் மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்துவிடுவாய், உன்னைத் தெரியாதா. முதலில் ஐந்தை மூன்றாக்கு. அப்புறம் "சீனி பாதி" என்று சொல். நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். அதன்பிறகு முழுச் சீனி போட்ட டீ உனக்கே திகட்டும்.

எப்போதாவது ராத்திரி சென்னைக்குப் போகிறாயே, அதற்கும் ஒரு வார்த்தை. இப்போது பஸ் பஞ்சப்பூரிலிருந்து கிளம்புகிறது. அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தபிறகு சாப்பிடலாம் என்று இருக்காதே, சாப்பிட்டுவிட்டே கிளம்பு. நெடுஞ்சாலையில் நடு ராத்திரி மோட்டல் வாசலில் பஸ்ஸை நிறுத்துவார்கள். பஸ் நின்றால் சாப்பிட வேண்டும் என்று யார் சொன்னது? இறங்கி நட, தண்ணீர் குடி, ஏறிக்கொள். ரயிலில் போனால் மணப்பாறை முறுக்கு என்று கூவிக்கொண்டு வருவார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், நம் மாவட்டத்துக்குப் பெருமை. வாங்கு. ஆனால் பாக்கெட்டை வண்டியில் பிரிக்காதே, போகிற வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து பிரி. அப்போது உன் பங்குக்கு இரண்டுதான் வரும்.

கல்யாண வீட்டில் சாப்பிடாதே என்று சொல்ல மாட்டேன். பந்தியில் உட்கார்ந்துவிட்டு இலையை அப்படியே மூடுவது மரியாதையும் இல்லை. காலியான வயிற்றோடு போகாதே, அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போ. இலையில் முதலில் கூட்டு, பொரியல், பச்சடியைச் சாப்பிடு. இன்னொரு தடவையும் கேள். சாம்பார் சாதம் கொஞ்சம், ரசம் கொஞ்சம், மோர் கட்டாயம். இனிப்பைப் பாதி சாப்பிடு. பாயசத்தை ருசி பார்த்தால் போதும், இரண்டாம் தரம் ஊற்றுகிறவரிடம் கையை இலைமேல் வைத்துச் சிரித்துவிடு.

ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. தொன்னையில் புளியோதரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடு. ஆனால் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துவிடு. பிரசாதம் தனி, டிபன் தனி என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளாதே. வைகுண்ட ஏகாதசிக்கு உன் நண்பர்களோடு பட்டினி இருந்துவிட்டு, ராத்திரி கண் விழித்து, விடிந்ததும் பூரி மசாலாவில் போய் விழுந்தாயாமே. ஏகாதசி இருக்கிற வீடுகளில் போய்ப் பார். விரதத்தைவிட அதை முடிக்கிற துவாதசிப் பாரணைக்குத்தான் ஏற்பாடு அதிகம். அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் முந்தின நாளே வாங்கி வைத்திருப்பார்கள். ஒரு நாள் காய்ந்த வயிற்றுக்கு முதலில் எதைக் கொடுப்பது என்று பசிப்பதற்கு முன்னாலேயே தீர்மானம் பண்ணினவர்கள் அவர்கள். நீ எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்ததைக் கொடுத்தாய்.

காலை டிபனைத் தவிர்த்தால் உடம்பு இளைக்கும் என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாம். யார் சொன்னாலும் சரி, உன் விஷயத்தில் அது நடக்காது. காலையில் விட்டதை நீ ராத்திரி வட்டியோடு சாப்பிடுகிறாய். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது நல்லதாகச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அடைமாவு அரைத்து வைத்தால் மூன்று நாளைக்கு வரும். முருங்கைக்கீரையை உருவிப் போட்டு ஒரு அடை ஊற்ற ஐந்து நிமிஷம்.

ராத்திரி வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரு டம்ளர் பாலோ மோரோ குடித்துவிட்டுப் படு. அதையும் போகிறபோதே பிரிட்ஜில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போ. வண்டிக்காரரிடம் பரோட்டாக் கடைக்கு முன்னால் நிறுத்தாமல் உன் தெருமுனையில் நிறுத்தச் சொல். பரோட்டாவை ஜென்மத்துக்கும் விடச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு நாள், நண்பர்களோடு, எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடு. நானே காசு தருகிறேன்.

ஒரு வாரம் எல்லாம் தவறிப்போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆரம்பி. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ நாள் அரிசி லாரி வராமல் இருந்திருக்கிறது, காய்காரர் ஏமாற்றியிருக்கிறார். மறுநாள் அடுப்பை மூட்டாமல் இருந்ததில்லை.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தென்னூர் உழவர் சந்தை வாசலில் நான் நிற்பேன். லால்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறேன். இரண்டு துணிப்பையும், பயறு ஊறவைக்க மூடி போட்ட ஒரு பாத்திரமும் கொண்டு வா. பாத்திரம் இல்லையென்றால் வரும் வழியில் வாங்கு. பெரிதாக வாங்காதே, ஒரு ஆளுக்கு ஒரு லிட்டர் பிடித்தால் போதும். வீட்டுக்கு வந்து சமைத்துக் காட்டிவிட்டுச் சாயங்காலம்தான் கிளம்புவேன். மாமாவிடமும் உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். தூங்கிவிடாதே, அலாரம் வை.

அன்புடன்,
உன் அத்தை